பன்றிக்கு வைத்த கம்பி: நல்லதண்ணி கருஞ்சிறுத்தை, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 மே 26. கொரோனா ஊரடங்கு மெல்லத் தளர்ந்துகொண்டிருந்த நாட்கள். இலங்கை மலையகத்தில், சிவனொளிபாதமலை அடிவாரத்தில், நல்லதண்ணியை அடுத்த லக்ஷபான தோட்டத்து வாழமலைப் பிரிவில், மரக்கறிப் பாத்திப் பக்கம் சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டிக் கிடக்கிறது என்று செய்தி பரவியது. சிறுத்தை கம்பியில் மாட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும். ஆனால் இந்த முறை மாட்டியிருந்தது கறுப்புச் சிறுத்தை.

வனஜீவராசிகள் திணைக்களத்தினர் வந்து மயக்க ஊசி போட்டு, கம்பியை எடுத்து, உடவளவையில் இருக்கும் யானைக்குட்டிப் பராமரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நல்லதண்ணி மலையின் ஒரு கோடி என்றால் உடவளவை தெற்கே சமவெளியின் தொடக்கம். குளிர் மூட்டத்தில் வளர்ந்த விலங்கை அத்தனை வளைவுகளையும் தாண்டி வெயிலுக்கு இறக்கினார்கள். மே 29 அன்று அது செத்துப்போனது. ஏறக்குறைய ஏழு வயது ஆண்.

கருஞ்சிறுத்தை தனி இனம் கிடையாது. நிறமி கூடிப்போன சாதாரணச் சிறுத்தைதான். வெயில் சரியான கோணத்தில் விழுந்தால் கறுப்புக்குள்ளே புள்ளிகள் தெரியும். 2019 கடைசியில்தான் திணைக்களத்தின் தானியங்கிக் கமெராவில் இந்தப் பக்கத்துக் காட்டில் உயிரோடு கருஞ்சிறுத்தை பதிவாகியிருந்தது. அதற்கு முன் இலங்கையில் கருஞ்சிறுத்தை என்று பேச்சு வந்தபோதெல்லாம் காட்டுவதற்கு இருந்தவை பெரும்பாலும் செத்த உடல்கள். ஆகவே நாடே துக்கப்பட்டது. பேஸ்புக்கில் மெழுகுவர்த்தி, கவிதை, சாபம். சாபம் முழுக்க எங்கள் பக்கம் வந்தது: தோட்டத்து ஆட்கள், கம்பி வைப்பவர்கள், இறைச்சிக்கு அலைபவர்கள்.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது ஹட்டனில் வேலை. சின்னம்மா இன்னும் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார், கொழுந்து எடுக்கிறார். அந்த வாரம் அவரைப் பார்க்கப் போனபோது கேட்டேன், "சின்னம்மா, நம்ம ஆளுங்கதானே கம்பி வைக்கிறது?" அவர் மறைக்கவில்லை. "ஆமா தம்பி. பன்னிக்கு வைக்கிறது. டீவியில எல்லாம் புலியப் பத்தியே பேசுறாங்க, பன்னியப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல."

நான் எழுத நினைத்ததை அவர் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார். என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பன்றி எப்படி வந்தது என்ற கதை நீளமானது.

கம்பி

சுருக்குக்குத் தேவையானது மோட்டார் சைக்கிள் கிளட்ச் வயர் அல்லது பிரேக் கேபிள். கராஜில் கழித்துப் போட்டது போதும், காசு தேவையில்லை. ஒரு முனையை வளையமாக்கி மறுமுனையை வேரிலோ தேயிலைத் தூரிலோ கட்டி, பன்றி நுழையும் இடைவெளியில் தொங்கவிடுவார்கள். பன்றி தலையைத் தாழ்த்தித்தான் வரும். சிறுத்தையும் மறைவாக நடக்கும்போது தலையைத் தாழ்த்தித்தான் வரும். பன்றி நடக்கிற தடத்தில்தான் பன்றியைத் தின்கிறதும் நடக்கும். கம்பிக்கு ஆள் அடையாளம் தெரியாது.

மாட்டியதும் இழுக்கும். இழுக்க இழுக்க இறுகும். கழுத்தில் விழுந்தால் மூச்சு, இடுப்பில் விழுந்தால் உள்ளுறுப்பு. வெளியில் கீறல் மட்டும் தெரிகிற சிறுத்தையை மயக்கி எடுத்துக் காட்டில் விட்ட பிறகும் அது உள்காயத்தால் செத்துவிடலாம். போதாததற்கு கூட்டம். லயத்தில் இருப்பவர்கள், பக்கத்துத் தோட்டத்தார், டவுனிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவர்கள், எல்லோர் கையிலும் போன். மிருக வைத்தியர் வந்து சேர்வதற்குள் சத்தத்தில் மிரண்டு மிரண்டு அது இன்னும் நாலு மடங்கு இறுக்கிக்கொண்டிருக்கும். இதில் எங்கள் ஆட்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. பார்க்கப் போன கூட்டத்தில் சின்ன வயதில் நானும் நின்றிருக்கிறேன்.

கம்பி வைப்பது குற்றம். சிறுத்தையைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பெரிய குற்றம். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் வைக்கிறார்கள் என்பதற்குப் "பேராசை" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறவர்கள் மரக்கறிப் பாத்தி ஒன்றை இரவு முழுக்கக் காவல் காத்திருக்க மாட்டார்கள்.

பன்றி எப்படி வந்தது

தேயிலை மலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம். கிட்டே போனால் பாதி இடத்தில் கம்பளம் கிழிந்திருக்கும். வேலைக்கு ஆள் இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். கவ்வாத்து வெட்டாத, புல் எடுக்காத மலைகள் ஒன்றிரண்டு வருடத்தில் காடாகிவிடும். 2015இல் கிளைபோசேட் களைகொல்லியைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீங்கியது. 2021இல் இரசாயன உரம், பூச்சிமருந்து எல்லாவற்றின் இறக்குமதிக்கும் ஒரேயடியாகத் தடை வந்து அதே ஆண்டு முடிவதற்குள் அதுவும் கைவிடப்பட்டது. கொள்கையின் நல்லது கெட்டதுக்குள் நான் போகவில்லை. களையெடுக்க ஆளும் இல்லை, மருந்தும் இல்லை என்ற காலத்தில் புல் ஆளுயரம் வளர்ந்தது என்பது மட்டும் கண்ணால் கண்டது. அட்டை, குளவி, பாம்பு எல்லாம் கூடின. பன்றிக்கு அது அரண்மனை.

பன்றி இருக்கும் இடத்துக்குச் சிறுத்தை வருவதில் அதிசயம் இல்லை. மரை, கேளையாடு, முயல், முள்ளம்பன்றி, பன்றி என்று கிடைத்ததை அது தின்னும். லயத்து நாய் சுலபமான சாப்பாடு. அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டில் என்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார்கள். டிக்கோயாப் பக்கம் டன்கெல்ட் தோட்டத்தில் இதற்கென்றே ஒரு நிலையம் உண்டு. அவர்களுடைய வேலையிலிருந்து நான் புரிந்துகொண்டது, சிறுத்தை தோட்டத்துக்கு வழிதவறி வருவதில்லை. மலை உச்சிகளில் மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகளையும் தேயிலையையும் சேர்த்தே தன் வீடாக வைத்திருக்கிறது. சிவனொளிபாதமலை வனம் 22,000 ஹெக்டேயருக்கு மேல். 2010இல் ஹோர்டன் சமவெளி, நக்கிள்ஸ் இரண்டோடும் சேர்த்து உலக மரபுரிமையாக அறிவித்தார்கள். அந்த மரபுரிமையின் எல்லையிலிருந்து நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை கூப்பிடு தூரம்.

அடுத்தது மரக்கறி. லயத்துக்குப் பின்னால், வடிகால் கானுக்கு அந்தப் பக்கம், தேயிலை செத்துப்போன ஒரு துண்டில் போஞ்சி, கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுவார்கள். 2019 ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்கூலி 700 ரூபா. கருஞ்சிறுத்தை செத்த வருடம் அதுதான் சம்பளம். 2021இல் 1,000 ஆனது, 2024இல் அடிப்படை 1,350. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. உணவுப் பணவீக்கம் அந்த செப்டெம்பரில் 90 வீதத்தைத் தாண்டியது. இப்படிப்பட்ட காலத்தில் பாத்தியில் விளைந்த போஞ்சிக்கு என்ன பெறுமதி என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரே இரவில் ஏழெட்டுப் பன்றி புகுந்தால் மூன்று மாத உழைப்பு உழுது போட்ட வயல் மாதிரி ஆகிவிடும்.

சரி, வேலி போடலாமே? எல்லோரும் கேட்கிற கேள்வி. நானும் கேட்டேன். பதில் காசோடு முடிந்துவிடவில்லை. அந்த நிலம் அவர்களுடையது அல்ல. தோட்டத்து நிலம். 200 வருடமாக அந்த மண்ணில் வேலை செய்கிற சமூகத்துக்கு 7 பேர்ச்சஸ் அளவுச் சின்னத் துண்டு நிலத்துக்கு உறுதிப்பத்திரம் கிடைப்பதே பெரும் போராட்டம். அதுவும் வீடு கட்ட மட்டும், பாத்திக்கு இல்லை. தூண் நட்டு வலைக்கம்பி அடித்தால் "நிலம் பிடிக்கிறான்" என்று கணக்குப் போடப்படும். எங்கள் தோட்டத்தில் ஒருமுறை அப்படி நட்ட தூண்களைப் பிடுங்கச் சொன்னார்கள். பழைய சேலையைக் கட்டலாம், தகர டப்பா தொங்கவிடலாம். பன்றி இரண்டு நாள் யோசிக்கும், மூன்றாம் நாள் வரும். கிளட்ச் வயர்தான் இலவசம், கண்ணுக்குத் தெரியாது, காலையில் கழற்றி வைத்துவிடலாம், நிலத்துக்கு உரிமையும் கோராது. நிலமில்லாதவனின் வேலி அது. நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் கம்பியைப் பிடுங்குகிறவர்கள் அந்த இடத்தில் வேறு என்ன நடப் போகிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பிடிபட்ட பன்றியை யாரும் புதைப்பதில்லை என்பதும் உண்மை. சமைப்பார்கள், பங்கு போடுவார்கள், விற்பதும் உண்டு. பாத்தியே இல்லாத காட்டோரத்தில் இறைச்சிக்காகவே நாற்பது கம்பி வைக்கிறவனையும் நான் அறிவேன். அவனையும் சின்னம்மாவையும் ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓநாய்க்கு ஓட்டுப் போட்ட ஊர்

அதே 2020 நவம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மக்கள் வேறொரு விலங்கைப் பற்றி வாக்களித்தார்கள். அழிந்துபோன ஓநாயை மறுபடி கொண்டுவந்து விடுவதா வேண்டாமா? ஏறக்குறைய 51க்கு 49 என்ற கணக்கில் வேண்டும் என்று முடிந்தது. நகரங்கள் வேண்டும் என்றன. மாடு வளர்க்கும் மலைப்பக்கம் பெரும்பாலும் வேண்டாம் என்றது. 2023 டிசெம்பரில் ஒரிகன் மாநிலத்திலிருந்து 10 ஓநாய்களைப் பிடித்து வந்து விட்டார்கள். அடுத்த வருடமே மாடும் ஆடும் செத்தன, சண்டை இன்னும் ஓயவில்லை.

இலங்கையில் ஓநாய் கிடையாது, நரிதான். ஆனாலும் அந்தச் சண்டையை நான் விடாமல் வாசித்தேன். கொழும்பு நண்பர் ஒருவர் அதைக் காட்டித்தான் என்னோடு வாதாடினார்: "பார், அங்கே போன மிருகத்தையே திரும்பக் கூப்பிடுகிறார்கள், நீங்கள் இருக்கிறதைக் கொல்கிறீர்கள்." அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்காக் கதையையும் சொன்னார். அங்கே 1926இல் கடைசி ஓநாய்களைக் கொன்று, 1995லும் 1996லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். மான் குறைந்தது, மரம் வளர்ந்தது, ஆறே திசை மாறியது என்று ஒரு கதை உலகம் சுற்றுகிறது. ஆறு மாறிய பகுதியை விஞ்ஞானிகளே இன்று அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. ஓநாய் வந்ததும் நிலைத்ததும் உண்மை, அது போதும்.

நண்பர் பார்க்கத் தவறியது வேறு. கொலராடோவில் கேட்டுவிட்டுத்தான் விட்டார்கள். தோற்ற பக்கத்துக்கும் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள்: ஓநாய் அடித்த மாடு ஒவ்வொன்றுக்கும் 15,000 டொலர் வரை நட்டஈடு. கயிற்றில் சிவப்புத் துணித் துண்டுகள் கட்டி மந்தையைச் சுற்றித் தொங்கவிடுவது, இரவில் ஆள் வைத்துச் சுற்றிவருவது, காவல் நாய், எல்லாவற்றுக்கும் அரசாங்கம் கை கொடுக்கிறது. அப்படியும் மாட்டுக்காரர்கள் கோபமாகத்தான் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2022இல் ஐரோப்பிய ஆணைக்குழுத் தலைவி உர்சுலா வொன் டெர் லெயனின் மட்டக்குதிரையையே ஓநாய் அடித்தது; 2024 டிசெம்பரில், காட்டுயிர் பாதுகாப்புக்கான பேர்ன் உடன்படிக்கையில் ஓநாய்க்கான பாதுகாப்பை ஒரு படி இறக்கினார்கள். ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று சொல்லவில்லை. பெரிய இடத்துக் குதிரைக்கும் லயத்து நாய்க்கும் கிடைக்கிற செய்தி இடம் எத்தனை பத்தி என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

மலையகத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. சிறுத்தை இங்கே முன்பே இருந்தது. எங்கள் பாட்டன் பூட்டன்களைக் காடு வெட்டக் கொண்டுவந்து அதன் நடுவில் வரிசை வரிசையாக லயம் கட்டி வைத்தார்கள். அதாவது இங்கே கொண்டுவந்து விடப்பட்டது நாங்கள்தான். நட்டஈடு பற்றி அப்போது பேச்சே இல்லை.

கொண்டுவந்து விடும் விவாதம் இங்கே நடக்க வேண்டுமென்றால் யானையைப் பற்றித்தான் நடக்க வேண்டும். கோப்பிக்காகக் காடு அழிப்பதற்கு முன்னால் இந்த மலைகளில் யானை இருந்தது. மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி மட்டும் 1,400க்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள்; 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. யானையை மறுபடி நுவரெலியாவுக்குக் கொண்டுவருவோம் என்று இன்று எவராவது சொல்லட்டும், கொழும்பு நண்பருக்கே சிரிப்பு வரும். கிரகறி வாவியைச் சுற்றி விடுமுறைக்கு வருகிற காரெல்லாம் எங்கே போவது?

பயம்

சிறுத்தைக்கு எங்கள் ஆட்கள் பயப்படுவதில்லை என்றால் பொய். கொழுந்து எடுக்கும்போது செடிக்குள் குட்டியோடு படுத்திருக்கும் தாயின் மேல் கால் வைக்காத குறையாகப் போய் நிற்பார்கள். அது அறைந்துவிட்டு ஓடும். தோள், முதுகு, தலை கிழியும். ஆஸ்பத்திரி, தையல், வேலைக்குப் போகாத நாட்கள். பேர் விழாத, அதாவது வேலைக்கு வந்ததாகப் பதியாத நாளுக்குச் சம்பளம் இல்லை. உயிர் போவது மிக அரிது. மனிதரைத் தின்னப் பழகியது என்று இலங்கையில் பெயரெடுத்த சிறுத்தை கிழக்கே புணானையில் 1924இல் சுடப்பட்டது. கொழும்பு அருங்காட்சியகத்தில் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு வாரிசு வரவில்லை.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்தே கொன்று வீடியோ எடுத்தார்கள். அதைப் பார்த்த எங்கள் லயத்துக் கிழவர் ஒருவர், "பழக்கமில்லாத சனம்" என்றார். திமிராகச் சொல்லவில்லை, இரக்கமாகத்தான் சொன்னார். எங்களுக்குப் பழக்கம் உண்டு. மலைக்குள் இறங்குமுன் சத்தம் போடுவது, தனியாகப் போகாமல் இருப்பது, பொழுது சாய்ந்தால் நாயை உள்ளே கட்டுவது, குட்டியைக் கண்டால் தொடாமல் அந்த வரிசையை விட்டு அடுத்த வரிசைக்கு மாறுவது. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை விவரம் தெரிந்தவராக இருந்தால் அந்த மலையையே இரண்டு நாள் தள்ளிப்போடுவார். இதற்கெல்லாம் "சகவாழ்வு" என்ற பெயர் இருப்பது பின்னாளில்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுத்தையைச் சிங்களத்தில் கொட்டியா என்பார்கள். இலங்கைச் சிறுத்தையின் விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல்லும் அதுதான். நாங்கள் பேச்சில் புலி என்போம். யுத்த காலத்தில் பஸ்ஸில் போகும்போது "எங்க மலையில நேத்து புலி வந்திச்சு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்த அப்பாவை எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு மொழியிலும் மாட்டிக்கொள்ளும் விலங்கு.

அதன் பிறகு

கருஞ்சிறுத்தை வீண் போகவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். 2021இலிருந்து ஆகஸ்ட் 1 இலங்கைச் சிறுத்தை நாள். அழியும் ஆபத்தைக் கணக்கிடும் உலகச் செம்பட்டியலில் 2020இல் இலங்கைச் சிறுத்தையை "அருகிவரும்" நிலையிலிருந்து, ஆபத்து ஒரு படி குறைந்த "ஆபத்துக்குள்ளாகக்கூடிய" நிலைக்கு மாற்றினார்கள். வளர்ந்த சிறுத்தைகள் ஏறக்குறைய 800 என்பது அதன் மதிப்பீடு. தோட்டங்களில் கம்பி தேடி எடுக்கும் நடைகள் நடக்கின்றன, பாடசாலைகளில் சுவரொட்டி இருக்கிறது. நல்லதுதான். பிடுங்கிய கம்பி அடுத்த வாரம் திரும்ப வரும் என்பது பிடுங்குகிறவர்களுக்கும் தெரியும்.

என்னிடம் கேட்டால் மூன்று காரியம் சொல்வேன், மூன்றும் சிறுத்தையைப் பற்றியவை அல்ல. மரக்கறிப் பாத்திக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள், குத்தகையாகவாவது. அந்த அனுமதியோடு வேலிக்கு வலையும் தூணும் கொடுங்கள். ஒவ்வொரு பாத்திக்கும் வேண்டாம், பத்துப் பாத்தியைச் சேர்த்து ஒரே வேலி. லயத்தை ஒட்டிக் காடாகிக் கிடக்கும் மலையை வெட்டித் துப்புரவாக்குங்கள், இல்லாவிட்டால் ஒழுங்காகக் காடாகவே விடுங்கள், பாதியில் விடாதீர்கள். செலவு யாருடையது என்று கேட்பீர்கள். தேயிலைப் பெட்டியில் சிறுத்தைப் படம் போட்டு விற்பவர்களையும், சிறுத்தை பார்க்க ஆளைக் கூட்டி வருபவர்களையும் கேட்டுப் பாருங்கள். கொலராடோக்காரன் டொலரில் எழுதிய பக்கத்தை நாங்கள் ரூபாவிலாவது தொடங்கலாம்.

போன மாதம் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹட்டனில் வலைக்கம்பி அடி என்ன விலை என்று விசாரித்து வரச் சொல்லியிருந்தார். சொன்னேன். விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். இரண்டாவது கைக்குப் போனதும் நிறுத்திவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனார். அடுப்படி விட்டத்தில் கிளட்ச் வயர் ஒன்று சுருட்டித் தொங்கியது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அது துணி காயப்போட வச்சிருக்கேன் தம்பி."

மொத்தமே இரு கை விரித்த ஒரு பாகம் நீளம் இருக்கும்.